சாயம் போனால் போகட்டும்

விசுவமடுப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பனையோலைக் கைப்பணி செய்பவர். மகன் கேட்டான் என்று இரண்டு சோடி லவ் பேர்ட்ஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறார். பெட்டி இழைத்து மிஞ்சிய வர்ண ஓலைத் துண்டுகளில் சின்னக் கிலுகிலுப்பையும் பந்தும் செய்து கூட்டுக்குள் தொங்கவிட்டாராம். ஒரே நாளில் எல்லாவற்றையும் கிழித்துத் தள்ளிவிட்டனவாம். வவுனியாவில் பறவைக் கடை வைத்திருக்கும் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "நாற்பது செய்து தாங்கோ" என்று கேட்டிருக்கிறார். வாசகி என்னிடம் கேட்பது இதுதான்: "பெட்டிக்குப் போடுகிற சாயத்தூளையே இதற்கும் போடலாமா? கொதிக்கவைத்துத்தான் போடுகிறேன், கழுவினாலும் போகாது. போடக்கூடாது என்றால் வேறு எதைப் போடுவது? இன்னொன்று, ஒரு பறவையின் எச்சம் இரண்டு நாளாக ரோஸ் நிறத்தில் இருக்கிறது. பயமாக இருக்கிறது."

தங்கச்சி, கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். இதை வாசித்த கையோடு கூட்டுக்குள் இருக்கும் வர்ண ஓலை அத்தனையையும் வெளியே எடுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவிப் புதுத் தண்ணீர் வையுங்கள். கூட்டின் அடியில் வெள்ளைத் தாள் ஒன்றை விரியுங்கள். பறவையின் எச்சத்தில் மூன்று பகுதி உண்டு: பச்சையாகவோ மண்ணிறமாகவோ சுருண்டு கிடக்கும் மலம், அதன்மேல் சுண்ணாம்பு அப்பினதுபோல வெள்ளை, சுற்றிவரக் கொஞ்சம் ஈரம். ஈரமும் மலமும் ரோஸ் நிறமாக இருந்து, ஓலையை எடுத்து ஒரு நாளுக்குள் பழையபடி மாறினால் அது சாயம். மாறாவிட்டால், அல்லது அந்த வெள்ளைப் பகுதி மஞ்சளாகவோ பச்சையாகவோ தெரிந்தால், அல்லது பறவை இறகை உப்பிக்கொண்டு கூட்டின் அடியில் போய்க் குந்தினால், ஒரு நாள்கூடப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அந்தத் தாளையும் சாயப் பைக்கற்றையும் எடுத்துக்கொண்டு பறவையோடு கால்நடை வைத்தியரிடம் போங்கள். தாளைப் பார்த்தால் வைத்தியர்களான எங்களுக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

இனி சாயத்துக்கு வருவோம். பெட்டிக்குப் போடும் தூளைப் பறவைக்குப் போடாதீர்கள். கொதிக்கவைத்தாலும் சரி, பத்துத் தரம் கழுவினாலும் சரி, வேண்டாம்.

ஏன் என்று சொல்கிறேன். ஓலை, கோரை, தும்பு, சணல் இவற்றுக்கு விற்கும் மலிவான தூள்களில் பெரும்பாலும் என்ன இருக்கிறது என்று பைக்கற்றில் எழுதியிருப்பதில்லை. "பச்சை", "ரோஸ்", "ஊதா" என்று மட்டும் இருக்கும். இந்த நார்களை இறுக்கிப் பிடிக்கும் சாயக் குடும்பத்தில் ரோடமின் பி, மலகைட் கிரீன், ஓரமைன் போன்றவை வருகின்றன. ரோடமின் பி என்றால் உங்களுக்கு நினைவு வரலாம்: 2024 பெப்ரவரியில் புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் பஞ்சுமிட்டாயைத் தடைசெய்தது இந்த ரோஸ் சாயத்தால்தான். மலகைட் கிரீன் மீன்தொட்டிகளில் பூஞ்சணத்துக்கு ஊற்றுகிற மருந்து, ஆனால் சாப்பிடுகிற மீனுக்கு அதைப் போடக்கூடாது என்று பல நாடுகளில் சட்டமே இருக்கிறது. உங்கள் பைக்கற்றில் இவைதான் இருக்கின்றன என்று நான் சொல்ல வரவில்லை. எது இருக்கிறது என்று எழுதாத ஒன்றை, வாயால் மட்டுமே விளையாடத் தெரிந்த ஒரு உயிருக்குக் கொடுக்க முடியாது.

கைப்பணி செய்கிறவருக்கு நல்ல சாயம் என்பது போகாத சாயம். பெட்டியை நனைத்தாலும், வெயிலில் வைத்தாலும், பத்து வருடம் போனாலும் அப்படியே நிற்க வேண்டும். பறவைக்கு அந்தக் கணக்கே வேறு. பறவையின் கையும் வாயும் ஒன்றுதான், அது அலகு. ஓலையை அது பார்த்து ரசிப்பதில்லை. மெல்லும், நார் நாராகக் கிழிக்கும், அதைத் தண்ணீரில் போட்டு அந்தத் தண்ணீரையே குடிக்கும். ஆகவே சாயம் போகுமா என்று கேட்பதை விட்டுவிடுங்கள். போகத்தான் போகும். போய் வயிற்றுக்குள் சேர்கிறது எது என்று கேளுங்கள். சாப்பாட்டுக்குப் போடத்தக்க சாயம் என்றால் போனால் போகட்டும்.

அளவையும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள். வர்ணப் பென்சில், பெயின்ற் இவற்றில் "நச்சுத்தன்மை அற்றது" என்று போட்டிருப்பதைக் காட்டி இது காணாதா என்று சிலர் என்னிடம் கேட்பார்கள். அது பிள்ளைகளை நினைத்து எழுதியது. மூன்று வயதுப் பிள்ளை 14 கிலோ இருக்கும். உங்கள் பறவை 35 கிராம். அதாவது பிள்ளையின் நானூறில் ஒரு பங்கு. பிள்ளை ஒருதரம் நக்கிவிட்டு விட்டுவிடும். பறவை காலையிலிருந்து பின்னேரம்வரை அதே வேலையாக இருக்கும்.

(நாங்கள் லவ் பேர்ட்ஸ் என்று சொல்வது பெரும்பாலும் அவுஸ்திரேலியாவின் பட்ஜி. உண்மையான லவ் பேர்ட் ஆபிரிக்காக் கண்டத்துப் பறவை. உடம்பு கொஞ்சம் தடிப்பு, வாலும் கட்டை, அலகு இன்னும் பலம். வவுனியாக் கடைக்காரர் இரண்டையும் விற்கிறார் என்றால் பலமான அலகை நினைத்தே செய்யுங்கள்.)

சரி, எதைப் போடலாம்?

நான் முதலில் சொல்வது கேக்குக்குப் போடும் கலரிங். அதுவும் உணவுக்கானது என்று எழுதி, சாய எண்ணும் போட்டு, மூடி முத்திரையோடு வருகிற போத்தல். 102 மஞ்சள், 110 செம்மஞ்சள், 129 சிவப்பு, 133 நீலம்: இந்த எண்கள் பல நாடுகளில் உணவுக்கு அனுமதித்த சாயங்களின் எண்கள். சந்தையில் சின்னப் பொலித்தீன் உறையில் கட்டி, எண் எதுவும் இல்லாமல் விற்கும் கேசரித் தூள் வேண்டாம். அதில் எது இருக்கும் என்று விற்கிறவருக்கே தெரியாது.

கலரிங்கைப் பனையோலையில் போடும்போது உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். உணவுச் சாயம் கம்பளி, பட்டு போன்றவற்றைப் பிடிக்கும். ஓலை, பருத்தி, மரம் இவற்றைப் பிடிக்காது. குருத்தோலையின் மேலே ஒரு மினுக்கு இருக்கிறதே, அதில் இன்னும் வழுக்கும். வினாகிரி விட்டால் பிடிக்கும் என்று யாராவது சொல்லுவார்கள். கம்பளிக்குப் பிடிக்கும், ஓலைக்குப் பிடிக்காது. வீண் செலவு. அதனால் ஓலையை அதன் வெள்ளையிலேயே விட்டு இழையுங்கள், நிறத்தை வேறு பொருளில் ஏற்றி இடையில் கோருங்கள். மூங்கிலைச் சில்லுச் சில்லாக வெட்டலாம். மருந்து அடிக்காத கொய்யாக் கம்பைத் தோல் சீவி விரலிடை நீளத்துக்கு நறுக்கலாம். அச்சடிக்காத வெறும் மட்டைக் காகிதத்தைச் சுருட்டலாம். இவற்றிலும் சாயம் இறுகப் பிடிக்காதுதான், ஆனால் ஓலையைப்போல வழுக்காமல் நிறத்தை உள்ளே குடிக்கும்.

நான் வீட்டில் செய்து பார்த்த முறை இது. சாயம் காய்ச்ச நீங்கள் வைத்திருக்கும் பாத்திரத்தைத் தொடவே வேண்டாம், சோறு கறி சமைக்கும் சுத்தமான எவர்சில்வர்ச் சட்டி ஒன்றை எடுங்கள். ஒட்டாத பூச்சுள்ள சட்டி வேண்டாம். அது அளவுக்கு மீறிச் சுட்டால் வரும் புகை பக்கத்து அறைப் பறவையைக்கூடச் சில நிமிடத்தில் கொன்றுவிடும். ஒரு கப் சுடுதண்ணீருக்குப் பத்துப் பன்னிரண்டு துளி கலரிங். கொய்யாத் துண்டுகளை அதில் போட்டுத் தட்டால் அமத்தி மூடி, ஒரு இரவு விடுங்கள். காலையில் எடுத்து, பச்சைத் தண்ணீரில் இரண்டு மூன்று தரம் அலசுங்கள். மேலே சும்மா ஒட்டியிருக்கிற நிறம் போய்விடும், நாருக்குள் இறங்கினது நிற்கும். பிறகு நிழலில், காற்றுப் படுகிற இடத்தில் பரப்புங்கள். காய்ந்தபின் ஈரமான வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் இளநிறமாகப் பட்டால் பரவாயில்லை. அழுத்தமாகப் பட்டால் இன்னொரு தரம் அலசவேண்டும், இல்லாவிட்டால் வெள்ளைப் பறவையின் நெஞ்சு இறகு நிறமேறி அடுத்த இறகு உதிரும்வரை அப்படியே நிற்கும். பறவைக்குக் கெடுதி இல்லை, ஆனால் வாங்கினவர் பயந்து கடைக்காரரிடம் போவார்.

வளவிலிருந்தும் நிறம் எடுக்கலாம். பீற்றூட் எல்லோருக்கும் தெரிந்தது. அதைச் சளசளவென்று கொதிக்கவிட்டால் சிவப்புப் போய் மண்ணிறமாகிவிடும். மெல்லிய நெருப்பில் வைத்து, பாதித் தேசிக்காய் பிழிந்துவிட்டால் நிறம் நிற்கும். ஒரு குறை, அதில் சீனி உண்டு. நன்றாக அலசாவிட்டால் எறும்பு வரிசை கட்டிக்கொண்டு கூட்டுக்குள் வரும். எறும்பு வந்தது என்று யாராவது எறும்புப் பவுடரைத் தூவினால் கதை முடிந்தது. நீலத்துக்கு வேலியில் படரும் நீலக் காக்கணம்பூவை, சங்குப்பூ என்றும் சொல்வார்கள், சுடுதண்ணீரில் போடுங்கள். அதில் ஒரு சொட்டுத் தேசிப்புளி விட்டால் ஊதாவாக மாறும், உங்கள் மகனைக் கூட்டிவைத்து அதைச் செய்யுங்கள். பூவை மட்டும் எடுங்கள். விதையும் வேரும் பேதிக்குரியவை.

மஞ்சளில் கொஞ்சம் நிற்க வேண்டும். மஞ்சள் ஓலையைக்கூடப் பிடிக்கும், வெயில் பட்டால் வெளிறும், அவ்வளவுதான். ஆனால் கடை மஞ்சள்தூளை நான் சொல்லமாட்டேன். பங்களாதேஷில் மஞ்சளுக்கு நிறம் கூட்ட லெட் குரோமேற் என்ற ஈயச் சாயத்தைப் பூசியதை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். எங்கள் நாட்டிலும் இறக்குமதியை நிறுத்தி, 2020 இல் மஞ்சள் விலை ஏறியபோது கடலால் கடத்தி வந்ததும், கலப்படத் தூள் விற்றதும் மன்னார்க் கரையில் இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வளவில் கிண்டிய பச்சை மஞ்சள் என்றால் தாராளமாகப் போடுங்கள். குங்குமம் வேண்டவே வேண்டாம். கோயில் குங்குமம்தானே என்று நினைக்காதீர்கள், கடைக் குங்குமத்தில் ஈயம் இருப்பது பல இடங்களில் பிடிபட்டிருக்கிறது.

இயற்கை என்றால் எல்லாம் நல்லது என்று எடுத்துவிடாதீர்கள். தேயிலைச் சாயமும் கோப்பிச் சாயமும் நல்ல மண்ணிறம் தரும், ஆனால் அவற்றிலிருக்கும் கஃபீன் பறவையின் இதயத்துக்கு ஆகாது. வெங்காயத்தோல் அழகான செம்மஞ்சள் தரும், வெங்காயமும் உள்ளியும் பறவைக்குக் கூடாத சாமான். உங்கள் அம்மம்மா சாயவேரைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். ஒல்லாந்தர் காலத்தில் மன்னார், யாழ்ப்பாணக் கரையோர மணலில் கிண்டியெடுத்துத் துணிக்குச் சிவப்பு ஏற்றியது அதனால்தான். அந்தச் சிவப்பு நிற்பதற்குப் படிகாரம் வேண்டும். சாயத்தை நிறுத்தப் போடும் படிகாரம், மயில்துத்தம், அன்னபேதி எதையும் பறவைச் சாமானில் சேர்க்கவேண்டாம். மயில்துத்தம் செம்பு உப்பு, அது சின்ன அளவிலேயே நஞ்சு.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்று. கிலுகிலுப்பைக்குள் என்ன போடுகிறீர்கள்?

குன்றிமணி என்றால் இன்றைக்கே நிறுத்துங்கள். ஊரில் குழந்தைகளின் கிலுகிலுப்பைக்குள் அதைப் போட்டதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். முழுசாக விழுங்கினால் ஓடு காப்பாற்றக்கூடும், ஆனால் கிளி இனம் எந்த விதையையும் உடைக்காமல் விழுங்காது. உடைத்த குன்றிமணி ஒன்று போதும். அதற்குப் பதில் தினையோ சாமையோ குரக்கனோ ஒரு தேக்கரண்டி போட்டு இழையுங்கள். அசைக்கும்போது மெல்லச் சரசரக்கும். பறவை ஓலையைக் கிழித்துக் கிழித்து உள்ளே போய்த் தினையைக் கண்டுபிடிக்கும்போது பாருங்கள், எந்த வர்ணமும் அந்தச் சந்தோசத்தைக் கொடுக்காது.

தொங்கவிடும் கம்பியையும் சொல்லவேண்டும், அதற்குக் காரணம் ஒரு கொக்கட்டீல், கொண்டை வைத்த சின்னக் கிளி. சில வருடங்களுக்கு முன் முல்லைத்தீவுக் கரைப்பக்கத்திலிருந்து ஒரு பெடியன் அதைத் துவாயில் சுற்றிக் கொண்டுவந்தான். என் கையில் வைத்தபோது கால் விரல்களை மடக்கி இறுக்கிக்கொண்டிருந்தது, தலையை நிமிர்த்த முடியவில்லை. துவாயில் எச்சம் பச்சைப் பெயின்ற் கொட்டினதுபோல இருந்தது. கூட்டில் என்ன தொங்குகிறது என்று கேட்டேன். அவன் தானே செய்த ஆடுகிற வளையம், பாரத்துக்கு வீச்சு வலையின் ஈயக்குண்டு ஒன்று கட்டியிருந்தானாம். அந்த மெல்லிய ஈயத்தை அது நாள்தோறும் அலகால் சுரண்டியிருக்கிறது. தீனியை அரைக்கிற பைக்குள் ஈயத் துணிக்கை போனால் அங்கேயே தங்கி, அரைபட்டு அரைபட்டு இரத்தத்தில் கலக்கும். அதை வெளியேற்றக் கல்சியம் ஈ.டி.டி.ஏ. என்ற ஊசி இருக்கிறது. அது கைக்கு வர இரண்டு நாள் பிடித்தது. 80 கிராம் உடம்பு அவ்வளவு பொறுக்கவில்லை. அந்தப் பெடியன் நல்ல எண்ணத்தில், தன் கையால் செய்து கொடுத்தது அது. உங்கள் கடிதத்தை வாசித்தபோது அவன் முகம்தான் நினைவு வந்தது.

ஈயம் வேண்டாம், நாகம் பூசிய கல்வனைஸ் கம்பியும் வேண்டாம், ஸ்ரேப்ளர் ஊசியும் வேண்டாம். கடைச் சலங்கை மணி வேண்டாம். பழைய இரும்புச் சாமான்களுக்குள் கிடந்து எடுத்தது எதுவும் வேண்டாம். ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் கொளுக்கி ஒன்று போதும், அல்லது ஓலையையே முறுக்கிக் கட்டுங்கள், அறுந்து விழுந்தால் வேறொன்று கட்டலாம். வலை நைலோன் நூல் காலில் சுற்றினால் விரல் போய்விடும். நீளமான தும்பும் அப்படித்தான், விழுங்கினால் தீனிப்பையில் பந்தாகிவிடும். பசை தேவையே இல்லை. உங்கள் கை இழைக்கிற ஓலைக்கு எந்தப் பசையும் வேண்டாம் என்பதுதான் உங்கள் சாமானின் பலம். மெருகு எண்ணெய், வார்னிஷ் பூசாதீர்கள். அலரிக் கம்பை மரத் துண்டாகக்கூட எடுக்காதீர்கள், மஞ்சள் அலரி எவ்வளவு நஞ்சு என்று இந்த ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

மாரியில் ஒரு கவனம். ஐப்பசி கார்த்திகையில் ஓலையும் மரமும் வெளியே காய்ந்ததுபோல இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். உறையில் போட்டு மூடினால் நாலு நாளில் பூஞ்சணம் பிடிக்கும். அந்தத் தூசி பறவையின் மூச்சுப் பைகளுக்குள் போய் வளர்ந்தால் மருந்து கொடுத்தும் மீட்பது கடினம். கடைக்குக் கொடுக்கிறதை வெயில் காலத்திலேயே செய்து வையுங்கள். மூக்கில் வைத்துப் பாருங்கள், சாக்கு வாசம் அடித்தால் எறிந்துவிடுங்கள்.

கடைக்காரருக்கு நிறம் இல்லாமல் கொடுத்தால் வாங்குவாரா என்று யோசிப்பீர்கள். வர்ணத்தைப் பார்த்து வாங்குவது மனிதர். பட்ஜியின் கண் எங்கள் கண்ணைப்போல இல்லை. எங்களுக்குத் தெரியாத புறஊதாவும் அதற்குத் தெரியும். எங்களுக்கு வெளிறிய ஓலை அதற்கும் வெளிறித்தான் தெரியும் என்று சொல்லமுடியாது. நான் பார்த்த பல பறவைகள் புதிதாகத் தொங்கும் பளிச்சென்ற சாமானுக்கு இரண்டு நாள் கிட்டவே வருவதில்லை, வெறும் குருத்தோலையை உடனே வந்து கிழிக்கும். பத்து வெள்ளையாகவும், பத்துக்கு நடுவில் இரண்டு நிற மணிகள் கோர்த்தும் முதலில் கொடுத்துப் பாருங்கள். ஒரு துண்டுத் தாளில் "பனையோலை, கொய்யா மரம், தினை, உணவுக் கலரிங்" என்று உள்ளே இருப்பதை எழுதி வையுங்கள். அப்படி எழுதத் தயங்கவேண்டிய ஒரு பொருள் அதற்குள் இருந்தால், அதை எடுத்துவிடுங்கள்.

நீங்கள் ஏற்கெனவே சாயம் போட்டுச் செய்து வைத்திருக்கும் கிலுகிலுப்பைகளைப் பிள்ளைகளுக்கு விற்கலாம் என்று நினைக்கவேண்டாம், அவர்களும் வாயில்தான் வைப்பார்கள். அவ்வளவு வேலை செய்ததைக் குப்பையில் போட எனக்கும் மனமில்லை. தோரணமாகக் கோர்த்து, பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில், கூட்டிலிருந்து தள்ளி, வீட்டு வாசலில் கட்டுங்கள். சாயம் காய்ச்சும் அடுப்பையும் பறவைக் கூட்டையும் ஒரே கொட்டிலில் வைத்திருக்கிறீர்களா என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். அப்படி என்றால் இன்றைக்கே கூட்டை மாற்றிவிட்டு எழுதுங்கள். அந்த ரோஸ் எச்சம் என்ன ஆனது என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.